பயனாளிகள் நால்வர்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவருக்கு அரசாங்க அலுவலகங்கள் மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை. இருபத்திரண்டு வருடமாக அவர் ஊரார் கண்ணுக்கு ஏற்றபடி கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சீட்டில் என்ன எண்ணோ அந்த எண். கால் புள்ளி கூடினால் தலைவலி, குறைந்தால் படியில் தடுமாற்றம். ஒழுங்காக அளந்து பார்த்தால் எதற்கும் ஒரு சரியான விடை கிடைத்துவிடும் என்று நம்பியே பாதி ஆயுளைக் கழித்துவிட்டவர். அந்த நம்பிக்கையோடுதான் ஒரு திங்கட்கிழமை காலை, இல்லத் தண்ணீர்ச் சுத்திகரிப்புத் தெரிவு ஆணையத்தின் படியேறினார்.

எல்லாம் மீன் தொட்டியால் வந்தது. தொட்டி வந்தது மனைவியால். மனைவிக்கு ஒரு தொலைபேசி மையத்தில் வேலை. பத்துப் பதினைந்து அலுவலகங்களுக்கு வருகிற புகார்களை எல்லாம் அந்த மையம்தான் கேட்டுப் பதிவு செய்யும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், முன்பின் தெரியாதவர்களிடம் வசவு வாங்கிவிட்டு, "உங்கள் குறை எங்களுக்கு முக்கியம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் நெஞ்சு படபடக்கிறது என்று டாக்டரிடம் போனபோது, அவர் மாத்திரை எழுதவில்லை. "தினமும் ஒரு மணி நேரம், பேசாத எதையாவது பாத்துக்கிட்டு உக்காருங்க" என்றார்.

"நான் இருக்கேனே" என்றார் லென்ஸ்காரர். அவர் அதிகம் பேசமாட்டார்.

"நீங்க பேசாம இருக்கறதும் எனக்குப் பேசற மாதிரியேதான் கேக்குது" என்றாள் மனைவி.

அப்படி வந்ததுதான் அந்த நான்கடிக் கடல்நீர்த் தொட்டி. கூடத்தில், பீரோவுக்கும் வாசலுக்கும் நடுவில் வைத்தார்கள். உள்ளே நாலு மீன்கள். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி. மூத்தவர், இளையவர் என்று அவற்றுக்குப் பெயர். நீல மீன் ஒன்று, அது நீலம். நாலாவது, விரல் நீளத்தில் ஒரு சாம்பல் மீன். காலையிலிருந்து சாயங்காலம் வரை வாயால் மணலை அள்ளி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தாள் மனைவி.

இந்த வருடம் குழாயில் வருகிற தண்ணீர் மாறிப்போயிற்று. எங்கிருந்து வருகிறதோ, தொட்டியில் ஊற்றிய பத்தாம் நாள் பாறையெல்லாம் பழுப்பு நிறத்தில் பாசி பிடித்தது. துடைத்தால் மறுநாள் மறுபடி. வளர்ப்பு மீன் விற்கிற கடைக்காரர் ஒரு பாட்டில் தண்ணீரை வாங்கிச் சோதித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இந்தத் தண்ணியில என்னென்னமோ இருக்கு சார். இதுல கடல் உப்பைக் கரைச்சு ஊத்தினா பாசிக்கு விருந்து வைக்கிற மாதிரி. முதல்ல எல்லாத்தையும் எடுத்துட்டு வெறும் தண்ணியாக்கணும். அப்புறம்தான் உப்பு. நாலு ஃபில்டர் மெஷின் ஒண்ணு மாட்டிடுங்க."

கடையில் மூன்று மாதிரிகள் இருந்தன. நம்முடைய ஆள் சும்மா கை காட்டி வாங்குகிறவரா? நோட்டுப் புத்தகம் எடுத்து மூன்றுக்கும் கட்டம் போட்டார். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு எத்தனை குடம் வீணாகும், குழாயில் வேகம் குறைந்தால் எது தாங்கும், கடைசி ஃபில்டரில் மிச்ச உப்பை உறிஞ்சுகிற பிசின் மணிகள் எத்தனை மாதம் வரும் என்று இரண்டு வாரம் கேட்டுக் கேட்டு எழுதினார். நடுவில் இருந்ததே சரி என்று முடிவு செய்து கடைக்குப் போனார்.

"சான்று இருக்கா சார்?" என்றார் கடைக்காரர்.

"என்ன சான்று?"

"தெரிவுச் சான்று. மூணு ஃபில்டர் வரைக்கும் நான் அப்படியே குடுத்துடுவேன். நாலு இருந்தா அது மெஷின் இல்லையாம், சுத்திகரிப்பு நிலையம் ஆயிடுதாம். எந்த நிலையம் வேணும்னு ஆணையம்தான் தேர்ந்தெடுத்துச் சொல்லணும்."

"நானே தேர்ந்தெடுத்துட்டேனே."

"அதை அவங்ககிட்ட சொல்லிடாதீங்க" என்றார் கடைக்காரர். "கோவிச்சுக்குவாங்க."

ஆணையத்தின் முகப்பில், 'தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. அதை உங்களுக்காக நாங்கள் செய்கிறோம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே காத்திருக்கும் கூடத்தில் நாற்பது நாற்காலிகள். மூலையில் குடிதண்ணீர் மேடை ஒன்று இருந்தது. அதன் மேல் மெஷின் இல்லை, 'தெரிவில் உள்ளது' என்ற அட்டை மட்டும் தொங்கியது. அட்டையில் போட்டிருந்த தேதிக்கு ஆறு வயது. ஊழியர்கள் எல்லோரும் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டு வந்திருந்தார்கள்.

முதல் மேஜையில் மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். அந்தக் கண்ணாடி கோணலாக மாட்டப்பட்டிருப்பது லென்ஸ்காரருக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. சொல்லவில்லை.

"எதுக்கு மெஷின்?"

"மீன் தொட்டிக்குங்க. கடல் மீன்."

"கடல் மீனுன்னா உப்புத் தண்ணிதானே?"

"ஆமாங்க."

"இந்த மெஷின் தண்ணியில இருக்கற உப்பை எடுக்கறது."

"ஆமாங்க. எடுத்த பிறகு நான் வேற உப்பு போடுவேன்."

அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "உப்பை எடுக்கறதுக்கு அரசாங்கத்துகிட்ட அனுமதி கேக்கறீங்க. எடுத்துட்டு உப்பைப் போடுவேன்னு அரசாங்கத்துகிட்டயே சொல்றீங்க."

"அது வேற உப்பு, இது வேற உப்புங்க."

"எந்த உப்புன்னு கேக்கறதுக்குப் படிவத்துல இடம் இல்லை. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கேஸ் நான் பாத்ததில்லை." அவர் குரலில் கோபம் இல்லை. பெருமைகூடக் கொஞ்சம் இருந்தது. "பயன்பாட்டு நிர்ணயப் பிரிவுக்குப் போங்க. மாடி."

மாடியில் இருந்த நிர்ணய அலுவலர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொன்னார். தண்ணீருக்கு நாலு பயன்பாடுகள்தான் உண்டு என்று விளக்கினார். குடித்தல், குளித்தல், துவைத்தல், தொழில்.

"மீன் அதுல வாழுதுங்க" என்றார் லென்ஸ்காரர்.

"வாழ்தல் எங்க பட்டியல்ல இல்லை சார். இருக்கறதுல ஒண்ணைச் சொல்லுங்க. அதுங்க தண்ணி குடிக்குமா?"

இந்த இடத்தில் அவர் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். குளிக்கிறது என்று சொல்லியிருந்தாலும் பிழைத்திருப்பார். ஆனால் இரண்டு வாரம் நோட்டுப் போட்டுப் படித்தவர் அல்லவா? ஆற்று மீன் தண்ணீர் குடிப்பதில்லை, கடல் மீன் குடிக்கும் என்று அதில் எழுதி வைத்திருந்தார். தெரிந்த விஷயத்தை ஒருவர் கேட்டால் மறைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"குடிக்குங்க" என்றார்.

அலுவலரின் முகம் மலர்ந்தது. "அப்ப குடிநீர். முடிஞ்சுது. எத்தனை பேர்?"

"நாலு."

'குடிநீர். பயனாளிகள் நால்வர்' என்று எழுதி முத்திரை வைத்தார். லென்ஸ்காரர் கையெழுத்துப் போட்டார். வேலை இவ்வளவு சுளுவாக முடிந்ததே என்று அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் பழம்கூட வாங்கிக்கொண்டு போனார்.

பன்னிரண்டாம் நாள் கள ஆய்வுக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் அளப்பவர், ஒருவர் எழுதுபவர். மூன்றாமவர் சற்றுத் தள்ளி, மற்ற இருவரும் வழி விட்ட பிறகு உள்ளே வந்தார். அவர் ருசி அறிதல் அலுவலர். ஆணையத்திலேயே அந்தப் பதவியில் அவர் ஒருவர்தானாம். இருபது வருடமாகக் காரம், புளிப்பு எதுவும் தொடாமல் நாக்கைப் பாதுகாத்து வருவதாக எழுதுபவர் மெல்லிய குரலில் சொன்னார்.

அவர் கைப்பையிலிருந்து வெள்ளித் தம்ளர் ஒன்றை எடுத்து நீட்டினார். "பயனாளிகள் குடிக்கிற தண்ணி கொஞ்சம்."

"சார், அது வேண்டாங்க" என்றார் லென்ஸ்காரர்.

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க" என்றவர், தொட்டியிலிருந்து தாமே மொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வாயில் ஊற்றினார்.

மனைவி அவசரமாக முற்றத்துக் குழாயைத் திறந்துவிட்டாள். அவர் வெகுநேரம் கொப்பளித்தார். திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எத்தனை நாளா இதைக் குடிக்கக் குடுக்கறீங்க?"

"ரெண்டு வருஷமா."

"நாலு பேருக்குமா?"

"நாலு பேருக்கும்தாங்க. அது இல்லாட்டி உயிரோட இருக்காதுங்க."

எழுதுபவர் எழுதினார். 'குடிநீரில் வேண்டுமென்றே உப்புக் கலந்து, வேறு தண்ணீர் தராமல், இரண்டாண்டுகள் நால்வரைக் குடிக்கச் செய்தது. விண்ணப்பதாரர் ஒப்புக்கொண்டார்.' அளப்பவர் தண்ணீர் நின்ற மட்டத்தில் கண்ணாடியில் சிவப்பு மையால் கோடு போட்டார். மூடியைச் சுற்றி நாடா ஒட்டி நாலு பக்கமும் முத்திரை வைத்தார்கள். விசாரணை முடிகிற வரைக்கும் இது சாட்சியமாம். தண்ணீரை மாற்றக்கூடாது, சேர்க்கக்கூடாது, கோட்டுக்குக் கீழே இறங்கவும் விடக்கூடாது.

"தொட்டித் தண்ணி தானா ஆவியாகுங்க. தினமும் இறங்குமே" என்றாள் மனைவி.

"இறங்கினா தலையீடுன்னு எடுத்துக்குவோம்."

"சேர்த்தா?"

"அதுவும் தலையீடுதாம்மா" என்றார் அளப்பவர் வருத்தத்தோடு.

மூடியின் பின்பக்கம், மின்கம்பி போகிற இடத்தில் சுண்டுவிரல் நுழைகிற ஒரு சந்து இருந்தது. தினமும் காலையில் மனைவி வேலைக்குக் கிளம்புமுன், இருவரும் தொட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்துகொள்வார்கள். அவர் தம் கடையிலிருந்து கொண்டுவந்த காய்ச்சி வடித்த தண்ணீரை ஊசி போடுகிற குழலில் உறிஞ்சுவார். அவள் முன்பக்கம் எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பாள். சிவப்புக் கோட்டைத் தொட்டதும் நிறுத்துவார். இரையையும் அதே சந்து வழியாகத்தான் கிள்ளிப் போட்டார்கள். லென்ஸ்காரர் வாழ்க்கையில் செய்த முதல் சட்டமீறல் அது. அவள் கை அவர் தோள் மேல் இருக்கும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இருவரும் சேர்ந்து தினமும் செய்த வேலை என்று சொன்னால் அதுதான்.

ஆவியான தண்ணீரைத்தான் அப்படி ஈடு செய்ய முடிந்தது. அழுக்கை மாற்ற முடியவில்லை. பாசி பாறையை மூடி, கண்ணாடியை மூடி, கடைசியில் மேஸ்திரி கொட்டி வைத்த மணல் குவியல்களையும் மூடியது. உள்ளே யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. மூன்றாம் வாரம் ஒரு காலையில் நீலம் மேலே மிதந்தது. வளைத்த கம்பியால் அதைச் சந்து வழியாக எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. மனைவி அன்றைக்கு வேலைக்குத் தாமதமாகப் போனாள். காரணம் கேட்டார்களாம். வீட்டில் ஒரு சாவு என்றாளாம்.

லென்ஸ்காரர் இதை ஆணையத்தில் தெரிவிக்காமல் இருந்திருக்கலாம். தெரிவித்தார். கோணல் கண்ணாடி அம்மாள், இறப்புச் சான்று இல்லாமல் பயனாளிகளின் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது என்றார். "அது வரைக்கும் நாலு பேருதான் சார். மனசைத் தேத்திக்குங்க."

விசாரணை, ஆணையத்தின் தலைவர் முன்னிலையில் நடந்தது. நீண்ட மேஜை. தலைவருக்கு முன்னால் வெறும் தம்ளர் ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. லென்ஸ்காரர் எழுந்து நின்று, இரவெல்லாம் மனப்பாடம் செய்த இரண்டே வாக்கியங்களைச் சொன்னார்.

"ஐயா, அது கடல் மீன். கடலே உப்புதானுங்க."

"கடல் எங்க அதிகாரத்துல வராது" என்றார் தலைவர். "கடலோரத் துறைக்கு எழுதிக் கேட்டோம். பதில் வந்திருக்கு. படிங்க."

செயலாளர் படித்தார். "மேற்படி தொட்டியில் அலை காணப்படவில்லை. ஆகவே கடல் அல்ல."

"கேட்டுக்கிட்டீங்களா? இப்ப நான் சொல்றதைக் கேளுங்க." தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல. பேசப் பேச அவருக்கே தம் பேச்சு பிடித்துப்போகும். "இந்த ஆணையம் ஏன் வந்துச்சு? முன்னாடியெல்லாம் ஜனங்க தாங்களே கடைக்குப் போய், தாங்களே பாத்து, தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே வாங்கிக்கிட்டு இருந்தாங்க. எவ்வளவு ஆபத்து பாருங்க. ஒருத்தன் வீட்டுக்கு என்ன வேணும்னு அந்த வீட்டுல இருக்கறவனுக்கு எப்படித் தெரியும்? அவன் உள்ள இருக்கான். தள்ளி நின்னு பாக்கறவங்க நாங்கதான். இத்தனை வருஷத்துல எங்க தெரிவு தப்புன்னு ஒரு புகார்கூட வந்ததில்லை. ஏன்னா, நாங்க அவசரப்பட்டு எதையும் தேர்ந்தெடுக்கறதில்லை. இதுவரைக்கும் பதினோராயிரம் விண்ணப்பம். ஒண்ணுலயும் அவசரப்படலை."

"எத்தனை பேருக்குச் சான்று குடுத்திருக்கீங்க ஐயா?" என்று லென்ஸ்காரர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கோப்பைப் பார்த்தார்.

"உங்களுதுதான் முதலாவதா இருக்கும்போல" என்றார் தலைவர். சட்டென்று அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

அதன் பிறகு இரண்டு வாரம் எந்தத் தகவலும் இல்லை. மூத்தவரும் இளையவரும் மேல் தண்ணீரில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். மேஸ்திரி மணல் அள்ளுவதை விட்டுவிட்டது. லென்ஸ்காரர் ஒரு மதியம் கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஆணையம் கொடுத்த ரசீதில் அச்சடித்திருந்த குறைதீர் எண்ணுக்குப் போன் செய்தார்.

"வணக்கம். தெரிவு ஆணையக் குறைதீர் மையம். உங்களுக்கு எப்படி உதவட்டும்?"

அது மனைவியின் குரல். அந்த மாதத்திலிருந்து ஆணையத்தின் அழைப்புகளும் அவளுடைய மையத்துக்கு வருகின்றன என்பது அவருக்குத் தெரியாது. அழைப்புகள் எல்லாம் பதிவாகும், சொந்த விஷயம் பேசினால் வேலை போய்விடும் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

"வணக்கம்மா" என்றார் அவர். "ஒரு குறை சொல்லணும்."

"சொல்லுங்க சார். உங்கள் குறை எங்களுக்கு முக்கியம்."

"மெஷினுக்கு விண்ணப்பம் போட்டு ரெண்டு மாசம் ஆகப்போகுது. தொட்டிக்கு சீல் வெச்சுட்டாங்க. ஒருத்தர் போயிட்டாரு."

"தெரியும்" என்றவள் திருத்திக்கொண்டாள். "புரியுது சார். மத்தவங்க எப்படி இருக்காங்க?"

"காலையில நீங்க..." என்று ஆரம்பித்து அவரும் திருத்திக்கொண்டார். "காலையில என் வீட்டுக்காரி பாத்தப்ப இருந்த மாதிரிதாம்மா. மேலயே நிக்கறாங்க. மேஸ்திரி சாப்பிடலை."

மறுமுனையில் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றாள். அந்த வாக்கியத்தை அவள் வாழ்நாளில் லட்சம் தடவை சொல்லியிருப்பாள். இந்தத் தடவை அது பாதியில் உடைந்தது. "உங்கள் குறையைப் பதிவு செய்துவிட்டோம். வேற எதாவது உதவி வேணுமா சார்?"

"வேற ஒண்ணும் இல்லைம்மா. நீங்க மதியம் சாப்பிட்டீங்களா?"

"அந்தத் தகவலைத் தர எங்களுக்கு அனுமதி இல்லை சார்" என்றாள். குரலைத் தாழ்த்தி, "இன்னும் இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நாலாம் நாள் மாலை அவருடைய போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'உங்கள் குறை தீர்க்கப்பட்டது.' கூடவே ஓர் அழைப்பிதழ். மறுநாள் ஆணையத்தின் ஆண்டு விழா. முதல் தெரிவுச் சான்று மேடையில் வழங்கப்படும், குடும்பத்தோடு வரவும்.

லென்ஸ்காரர் சந்தோஷப்பட்டார். மனைவி செய்தியை இரண்டு தடவை படித்தாள்.

"தீர்க்கப்பட்டதுன்னு நாங்க எப்பப் போடுவோம் தெரியுமா? இனிமே யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு தெரிஞ்சா போடுவோம்."

காலையில் விழாவுக்குப் புடவை கட்டி முடித்தவள், சமையலறையிலிருந்து கத்தியை எடுத்து வந்து முத்திரை நாடாவை அறுத்தாள். லென்ஸ்காரர் "அய்யோ" என்று மட்டும் சொன்னார். அவள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, பாசிக்குள் கையை விட்டுத் துழாவி, வலையால் ஒவ்வொன்றாகப் பிடித்து வாளியில் விட்டாள். மூன்று மீன்கள். இருவரும் வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, விழாத் துணிமணியோடு, இரண்டு தெரு தள்ளியிருந்த மீன் கடைக்கு நடந்தார்கள். கடைக்காரர் சுவரோரம் காலியாக இருந்த ஒரு தொட்டியைக் காட்டினார்.

விழாவில் அவர்களை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். மூன்று பேச்சு நடந்தது. தலைவர் பேசும்போது, குடும்பத்தலைவர் ஒருவரின் தவறான போக்கால் இரண்டாண்டு உப்பு நீர் குடித்து வாடிய நால்வரின் துயரை ஆணையம் துடைத்துவிட்டது என்றார். கூட்டம் கை தட்டியது. மேடையேறிய லென்ஸ்காரரிடம் சான்றைக் கொடுத்து, புகைப்படத்துக்காகச் சற்றுத் தலை குனியச் சொன்னார்கள். குனிந்தபோது படித்தார். 'நால்வர் கொண்ட சிறு குடும்பத்துக்கு உகந்தது: இரண்டு ஃபில்டர் குடிநீர் இயந்திரம். உப்பு அறவே சேர்க்கலாகாது.' இரண்டு ஃபில்டர் மெஷினுக்குச் சான்றே தேவையில்லை. அது எந்தக் கடையிலும் கிடைக்கும்.

"இதை வெச்சு நான் என்னங்க பண்றது?" என்று தலைவரின் காதருகில் கேட்டார்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றார் தலைவர், புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தபடியே. "எங்க ஆளுங்க இந்நேரம் உங்க வீட்டுல எல்லாத்தையும் பண்ணி முடிச்சிருப்பாங்க."

வீட்டு வாசலில் அமலாக்க அலுவலர் காத்திருந்தார். ஆணை இருந்ததால், விழாவுக்குக் கிளம்பும்போது இவர்கள் கொடுத்து வைத்த சாவியைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டார். கூடம் ஈரமாக இருந்தது. சுவரில் புது மெஷின். தொட்டியில் இருந்த பழைய தண்ணீரையெல்லாம் இறைத்துக் கொட்டி, பாறைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, நல்ல குடிதண்ணீர் ஊற்றி நிரப்பியிருந்தார்கள். பாசி ஒரு பொட்டு இல்லை. அந்தத் தொட்டி வாங்கிய நாளில்கூட அவ்வளவு பளிச்சென்று இருந்ததில்லை. பின்சுவரில் இருந்த ஆணியின் துருகூடத் தெரிந்தது.

"முத்திரை அறுந்திருந்துச்சு. விழா நாளுங்கறதால அதைப் பெரிசுபடுத்தலை" என்றார் அலுவலர். "பயனாளிகளைக் காணோமே?"

லென்ஸ்காரர் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லப் போகிறார் என்று மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

"வெளிய போயிருக்காங்க" என்றாள்.

"நாலு பேருமா?"

"நாலு பேரும்."

"எப்ப வருவாங்க?"

"சொல்லிட்டுப் போகலைங்க."

அலுவலர் அதை எழுதிக்கொண்டார். பயனாளிகள் திரும்புகிற வரைக்கும் இயந்திரத்தைத் தினமும் மாலையில் ஒரு மணி நேரம் ஓட்டவேண்டும், தண்ணீர் தயாராக இருக்கவேண்டும், நாங்கள் வந்து பார்ப்போம் என்று சொல்லிப் போனார்.

அதிலிருந்து அவர்களுடைய சாயங்காலம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. மனைவி வேலை முடிந்ததும் நேராக மீன் கடைக்குப் போய், கடைக்காரர் போட்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். மேஸ்திரி மறுபடி மணல் அள்ள ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னாள். லென்ஸ்காரருக்குப் போய்ப் பார்க்க ஆசைதான். ஆனால் யாராவது ஒருவர் வீட்டில் இருந்து மெஷினை ஓட்டவேண்டும். அவர் கடையிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, நாலடித் தண்ணீருக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பார்.

மாதம் ஒருமுறை அமலாக்க அலுவலர் வந்தார். தண்ணீரைப் பார்ப்பார், 'மிக நன்று' என்று எழுதுவார், பயனாளிகள் வந்துவிட்டார்களா என்று கேட்பார். இல்லை என்பார் இவர். ஐந்தாவது மாதம் வந்தபோது, அலுவலர் எழுதி முடித்த பிறகும் எழுந்து போகவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, காலித் தொட்டியையும் அதன் முன்னால் கைகட்டி நின்ற மனிதரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு போன்கூடப் பண்ணலையா சார்?"

"இல்லைங்க."

"நாலு பேர்ல ஒருத்தர்கூடவா?"

லென்ஸ்காரர் தலையை ஆட்டினார்.

அலுவலர் நெருங்கி வந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "நீங்க உப்புத் தண்ணி குடுத்தது தப்புதான், இல்லைங்கலை. அதுக்காகப் பெத்தவங்க மாதிரி வளர்த்தவங்களை இப்படியா மறந்துடறது? என் பையனும் அப்படித்தான் சார். வீட்டை விட்டுப் போய் மூணு வருஷம் ஆச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பைத் திறந்தார். பயனாளிகளின் நன்றியின்மை பற்றித் தம் சொந்தப் பொறுப்பில் இரண்டு வரி சேர்த்து எழுதினார். கீழே இவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.